வேலிக்குள் புகுந்த மத்தியத் தண்ணீர்

ஆர்வில் பிரூயிட் பார்த்துக்கொள்கிற வாய்க்காலில் ஓடுவது மத்திய சர்க்காரின் தண்ணீர். மலையில் அணையைக் கட்டியதும் இந்த வாய்க்காலை வெட்டியதும் மத்திய சர்க்கார். ஆகையால் அணைக்குள் உருகி விழுகிற பனி, பெய்கிற மழை, அதில் தவளை இடுகிற முட்டை எல்லாமே அதற்குத்தான் சொந்தம். அந்தத் தண்ணீர் முப்பது மைல் தூரம் வந்து கார்வர்ஸ் பெண்ட் என்ற ஊரின் ஆப்பிள் தோட்டங்களுக்குள் இறங்குகிற வரை அதற்குக் காவல் ஆர்வில். சம்பளம் தருவது ஊர்ப் பாசனச் சங்கம். சங்கத்துக்குத் தண்ணீர் தருவது மத்திய சர்க்கார். ஆக, அவருக்கு எஜமானர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் கோபம் மட்டும் ஒரே மாதிரி வரும்.

விடிந்ததும் பழைய பிக்கப் வண்டியில் மண்வெட்டியைப் போட்டுக்கொண்டு கரையோடு கிளம்புவார். ஒவ்வொரு தோட்டத்து மதகிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமென்று தோட்டக்காரர் முந்தின மாலையே சீட்டு எழுதி அதில் போட்டுவிட வேண்டும். சீட்டு இருந்தால் மதகு திறக்கும். இல்லையென்றால் தோட்டக்காரர் மண்டியிட்டு அழுதாலும் திறக்காது. கரையில் எலி வளை கண்ணில் பட்டால், ரோஸ் நிறக் கொடி ஒன்றை அதில் குத்தி, அங்கேயே மண் போட்டு மிதித்து மூடி, மஞ்சள் நோட்டில் நேரம் குறித்து எழுதிவிட்டுத்தான் வண்டி நகரும்.

இருபத்தாறு வருடத்தில் ஆர்விலின் கரை ஒருமுறை கூட உடைந்ததில்லை. காபிக்கடையில் யாராவது அதைப் பற்றிப் பேசினால், காது சரியாகக் கேட்காதவர் போல, "என்ன சொன்னே?" என்று கேட்டு மறுபடியும் சொல்ல வைப்பார்.

நாற்பத்தொன்றாம் எண் மதகு வெர்னா கோல்ஸ்டடுடையது. முப்பது ஏக்கர் ஆப்பிள். புருஷன் போய் ஏழு வருடமாகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால், யாரும் வாங்காத கிழட்டுச் சிவப்பு ஆப்பிள் மரங்களை இரண்டு ஏக்கரில் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கஞ்சா போட்டாள். வாஷிங்டன் மாநிலத்தில் அது குற்றமில்லை. மாநிலம் கொடுத்த லைசென்ஸை ஃப்ரேம் போட்டு, சமையலறையில் கல்யாணப் படத்துக்கு மேலே மாட்டியிருந்தாள். ஆனால் மத்திய சர்க்காருக்கு அதே செடி இன்னும் குற்றவாளிதான். குற்றவாளிக்கு மத்தியத் தண்ணீர் ஒரு சொட்டு கூடக் கிடையாது.

ஆகவே ஒரே பம்பு கொட்டகையிலிருந்து இரண்டு குழாய்கள். நீலக் குழாய் வாய்க்கால் தண்ணீரை ஆப்பிளுக்குக் கொண்டு போகும். சிவப்புக் குழாய் கிணற்றுத் தண்ணீரைக் கஞ்சாவுக்குக் கொண்டு போகும். கிணறு மாநிலத்தின் கணக்கு.

"ஆர்வில், எனக்கு ஒரு சந்தேகம்யா," என்று வெர்னா ஒருமுறை கேட்டாள். "உன் வாய்க்கால் கசிஞ்சுதானே என் கிணத்துல தண்ணி ஊறுது? அப்போ எந்த இடத்துல அது மத்தியத்தை விட்டுட்டு மாநிலத்துல சேருது?"

"அம்மா தாயே, இதை என்கிட்ட கேட்ட மாதிரி வேற யார்கிட்டயும் கேட்டுடாதே," என்றார் ஆர்வில்.

அந்த ஆகஸ்டில் வெயில் நூற்று நாலு டிகிரியைத் தொட்டது. காலா ரக ஆப்பிள் பறிக்க இன்னும் மூன்று வாரம். பழத்துக்கு நிறம் ஏறுகிற நேரம். மத்தியானமானால் மரத்துக்கு மேல் தண்ணீர் தூவி ஆற்றாவிட்டால், ஒரு பக்கம் வெந்த மாதிரி பழுப்படித்துப் போகும். நாலு நாள் மதகு மூடிக் கிடந்தால் வெர்னாவின் வருஷமே முடிந்தது. இது ஊரில் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு பத்துக்கு, வெர்னாவின் கஞ்சா வேலிக்கு நேர் மேலே, கரையில் ஒரு வளையை ஆர்வில் பார்த்தார். கைமுட்டி நுழைகிற அளவு. கொடியைக் குத்தினார். மண்வெட்டியை எடுக்க வண்டிப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்துச் சமையலறை ஜன்னல் திறந்தது.

"யோவ்! பான்கேக் சூடா இருக்கு! ஹக்கிள்பெரிப் பழப் பாகு புதுசாக் காய்ச்சினது! வரியா, இல்ல நாய்க்குப் போடவா?"

நாய்க்குப் போடுவதா? ஆர்வில் வளையைப் பார்த்தார். எலி போட்ட ஓட்டைதானே, பத்து நிமிஷத்தில் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தார்.

ஓட்டை எங்கும் ஓடவில்லை. தண்ணீர்தான் ஓடியது.

ஏழு இருபதுக்கு, ஏழாவது பான்கேக்கைப் பாதி வாயில் வைத்திருக்கும்போது, வெளியே யாரோ பெரிய பாயைக் கிழிப்பது போலச் சத்தம் கேட்டது. ஆர்விலுக்கு அந்தச் சத்தம் புதிது. ஆனாலும் என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் ஓடிப் பார்த்தபோது கரையில் ஆறடி அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. வளை, கொடி, எலி எதுவும் அங்கே இல்லை. மத்திய சர்க்காரின் தண்ணீர், சீட்டும் இல்லாமல் மதகும் இல்லாமல், வேலிக்கு அடியில் குனிந்து கஞ்சாத் தோட்டத்துக்குள் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது.

ஆர்வில் மேல்மடைக்கு ஓடிப் பலகையை இறக்கினார். தண்ணீர் நிற்பதற்கு அரை மணி பிடித்தது. வெர்னா வேலிக் கதவைத் திறந்து பார்த்தால், அதற்குள் இரண்டு ஏக்கரிலும் கணுக்கால் ஆழம் நின்றது. செடிகள் அத்தனையும் ஏதோ விருந்துக்கு வந்தது போலப் பளபளவென்று நின்றன.

"நல்லாத்தான் குடிக்குதுங்க," என்றாள் வெர்னா. பிறகுதான் அவள் முகம் மாறியது. "ஆர்வில், இதுக்கு என்ன ரூல்?"

"மத்தியத் தண்ணி கஞ்சாவுக்குப் போச்சுன்னு தெரிஞ்சா, அந்தத் தோட்டத்து மதகைப் பூட்டணும். விசாரணை முடியற வரைக்கும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"முன்னாடி டெய்லரோட தோட்டத்தைப் பூட்டினப்ப அஞ்சு வாரம் ஆச்சு."

வெர்னா ஆப்பிள் மரங்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று ஆர்விலுக்குத் தோன்றியது. அவளோ, "சரி, எல்லாத்தையும் பிடுங்கிடறேன். செடியே இல்லைன்னா கேஸே இல்லைல்ல?" என்று கையுறையைத் தேடினாள். ஆனாலும் சட்டத்தை மதிக்கிற பெண் ஆகையால், பிடுங்குவதற்கு முன்னால் மாநிலக் கஞ்சா வாரியத்துக்கு ஒரு போன் போட்டாள்.

அடுத்த முக்கால் மணியில் வாரியத்து அதிகாரி ரெனேட்டா ஒச்சோவா மூச்சு வாங்க வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் மாநில அட்டை, கையில் டேப்லெட் என்கிற கணினிப் பலகை.

"ஒரு இலையைக்கூடத் தொடாதீங்க மேடம்! ஒவ்வொரு செடிக்கும் மாநில நம்பர் இருக்கு. அழிக்கணும்னா எழுதிக் கொடுத்துட்டு மூணு நாள் காத்திருக்கணும். கேமரா முன்னாடிதான் அழிக்கணும். இல்லேன்னா லைசென்ஸ் போயிடும்."

"வச்சிருந்தா மத்திய சர்க்கார் தண்ணியை நிறுத்துவான். பிடுங்கினா நீங்க லைசென்ஸை நிறுத்துவீங்க. நான் என்னதான்மா செய்யறது?"

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல மேடம்," என்றாள் ஒச்சோவா. பாவம், அவள் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னாள்.

அதற்குள் அணைக்கட்டு அலுவலகத்தில் வாய்க்கால் அளவுமானியின் முள் இறங்கியதைப் பார்த்துவிட்டு மத்திய நீர்த்துறை இன்ஜினியர் பிரெண்டிஸும் வந்து சேர்ந்தார். உயரமான மனிதர். பூட்ஸில் ஒரு மண்துகள் கிடையாது. நேரே வேலிக் கதவுக்குப் போனார்.

"சார், நில்லுங்க," என்று ஒச்சோவா குறுக்கே வந்தாள். "உள்ளே வர்றவங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு, கஞ்சாத் தோட்டத்துப் பார்வையாளர்னு அட்டை மாட்டிக்கணும். மாநில ரூல்."

பிரெண்டிஸ் அந்த அட்டையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நான் மத்திய ஊழியர். இதுல கையெழுத்துப் போட்டேன்னா என் வேலை என்ன ஆகும்?"

"அப்போ வெளியே நின்னு பாருங்க."

வெளியே நின்று பார்க்கவும் வழியில்லை. வேலி எட்டடி உயரம், கரை மேல் நின்றாலும் உள்ளே எதுவும் தெரியாதபடி அடைத்துக் கட்டியது. அதுவும் மாநில ரூல்தான். கடைசியில் மத்திய சர்க்காரின் பிரதிநிதி ஆர்விலின் பிக்கப் கூரை மேல் ஏறி, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"நிறைய தண்ணி," என்றார்.

"அதுக்குத்தான் சார் மேல ஏறினீங்களா?" என்றாள் வெர்னா.

"முதல்ல அந்தத் தண்ணியை வெளியேத்தணும். பம்பு வச்சு வாய்க்காலுக்கே திருப்பி விடுங்க."

"முடியாது," என்றாள் கீழே நின்ற ஒச்சோவா. "கஞ்சா வேர் ஊறின தண்ணி. மாநில அனுமதி இல்லாம வேலியைத் தாண்டக் கூடாது. அதுவும் இல்லாம, இதைத் திரும்ப உங்க வாய்க்கால்ல விட்டா கீழே இருக்கற அத்தனை தோட்டத்துக்கும் அதுதான் போகும். பள்ளிக்கூடத்துப் புல்வெளிக்கும் சேர்த்து."

பிரெண்டிஸ் யோசித்தார். "அப்போ உள்ளேயே இருக்கட்டும்னு சொல்றீங்களா? மத்தியத் தண்ணி அங்கே இருக்கக் கூடாது."

"வெளியே வரவும் கூடாது."

"அப்போ எங்கதான் போறது?"

மூவரும் ஆர்விலைப் பார்த்தார்கள். தண்ணீர் விஷயத்தில் அவர்தானே அனுபவஸ்தர். ஆர்வில் வேலிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அது பாட்டுக்குப் பூமிக்குள்ள போயிட்டிருக்கு. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள பாதி போயிருக்கும்," என்றார்.

பிரெண்டிஸ் கூரையிலிருந்து இறங்கினார். தலைப்பில் மத்திய சர்க்காரின் கழுகு முத்திரை அச்சடித்த ஒரு படிவத்தை எடுத்து வண்டியின் மூக்கின் மேல் விரித்தார். அவர் குரல் இப்போது தணிந்திருந்தது. அதுதான் ஆர்விலுக்குப் பயமாக இருந்தது.

"மிஸ்டர் பிரூயிட், இன்னைக்கு இந்த வேலிக்குள்ள தண்ணி கேட்டு யாராவது சீட்டுப் போட்டிருந்தாங்களா?"

"இல்ல சார். ஆப்பிளுக்கு மட்டும் ஒரு சீட்டு இருக்கு. இதோ."

"மதகு திறந்திருந்ததா?"

"இந்தப் பக்கம் மதகே கிடையாது."

"அப்போ சீட்டு இல்லை, மதகு இல்லை, கரை உடைஞ்சிருக்கு. அதுவும் சரியா கஞ்சாவுக்கு நேரா. ஆகஸ்ட் வெயில்ல." பேனாவை வெர்னா பக்கம் நீட்டினார். "இருபத்தாறு வருஷமா உடையாத கரைன்னு எங்க ஆபீஸ்லயே பேசிப்பாங்க. அது இன்னைக்குத் தானா உடைஞ்சுதா மேடம்? இல்ல, யாராவது வெட்டிவிட்டாங்களா?"

வெர்னாவுக்கு முகம் காதுவரை சிவந்தது. "நானா? என்கிட்ட கிணறு இருக்கய்யா! இதுங்க வேர் அழுகிச் சாகறதுக்கு நானே கரையை வெட்டி விடுவேனா?"

"அதை விசாரணையில சொல்லலாம். தண்ணீர்த் திருட்டுன்னு சந்தேகம் வந்தா இன்னைக்கே மதகைப் பூட்டணும். வேற வழியில்ல."

பூட்டு அவருடைய வண்டியிலேயே இருந்தது. பெரிய பித்தளைப் பூட்டு. வேலி ஓரமாக ஆப்பிள் மரங்கள் வரிசையாக நின்றன; அவற்றின் மேல் தண்ணீர் தெளிக்கிற தூவான்கள் இன்றைக்கு ஓடவில்லை. மணி பத்து ஆகவில்லை, அதற்குள்ளேயே காற்று அடுப்பு மாதிரி இருந்தது.

ஆர்வில் கணக்குப் போட்டுப் பார்த்தார். வளை இருந்ததற்குச் சாட்சி இல்லை. கொடி போய்விட்டது. எலி சாட்சி சொல்ல வராது. எஞ்சியது அந்த மஞ்சள் நோட்டு மட்டும்தான். அதில் ஆறு பத்துக்கு எதிரே ஒன்றுமே எழுதவில்லை. மூடிவிட்டுத்தானே எழுதுவது வழக்கம்? மூடவில்லை, ஆகவே எழுதவும் இல்லை. இப்போது பேசாமல் இருந்தால் அவருடைய இருபத்தாறு வருடம் அப்படியே நிற்கும். யாரோ வெட்டிய கரை. காவல்காரன் மேல் குற்றமில்லை. ஒரு வார்த்தை கூடப் பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

அவர் கிட்டத்தட்ட சும்மாதான் நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். வெர்னா அவரைப் பார்க்கவில்லை. 'நீயாவது சொல்லேன்' என்று கேட்கவும் இல்லை. பித்தளைப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றார் ஆர்வில். "வளை இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"எப்போ?"

"ஆறு பத்துக்கு."

"மூடலையா?"

"மூடலை."

"ஏன்?"

ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். "பான்கேக் சாப்பிடப் போயிட்டேன்."

ஒச்சோவா கணினிப் பலகைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"எவ்வளவு நேரம்?" என்று பிரெண்டிஸ் கேட்டார்.

"ஒரு மணி பத்து நிமிஷம்."

"ஒரு மணி நேரமா பான்கேக் சாப்பிட்டீங்க?"

"பாகு நல்லா இருந்துச்சு சார்."

"அடப்பாவி," என்றாள் வெர்னா. மெதுவாகத்தான் சொன்னாள். திட்டா வேறெதுவுமா என்று ஆர்விலுக்குப் புரியவில்லை. அவர் மஞ்சள் நோட்டை வண்டியிலிருந்து எடுத்து, பேனாவை உதறி, எல்லோரும் பார்க்க எழுதினார்: காலை 6.10, வெர்னா கோல்ஸ்டட் வேலிக்கு மேலே எலி வளை, பார்த்தேன், கொடி நட்டேன், மூடவில்லை, 7.20க்கு உடைந்தது, தவறு என்னுடையது. கீழே கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை.

பிரெண்டிஸ் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் படிவத்துக்குத் திரும்பினார். "சரி. திருட்டு இல்லை. அப்போ இந்தக் கட்டம். கஞ்சாவுக்குத் தண்ணி பாய்ச்சினது யார்?"

"எலின்னு போடுங்க," என்றாள் வெர்னா.

"எலி சட்டப்படி ஆள் இல்லை மேடம். கரையைப் பராமரிக்கத் தவறினவங்கன்னு வரும். அதாவது வாய்க்காலோட..." பேனா நின்றது.

"வாய்க்கால் யாரோடது சார்?" என்று ஒச்சோவா கேட்டாள். முகத்தைப் பலகையிலிருந்து வெளியே எடுத்திருந்தாள்.

பிரெண்டிஸ் படிவத்தின் தலைப்பில் இருந்த கழுகைப் பார்த்தார்.

"கரை உங்களோடது. தண்ணியும் உங்களோடது. அப்போ இன்னைக்குக் காலையில இந்த ரெண்டு ஏக்கர் கஞ்சாவுக்குத் தண்ணி பாய்ச்சினது மத்திய சர்க்கார்." ஒச்சோவா பலகையில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். குரல் படு மரியாதையாக இருந்தது. "இந்த மாநிலத்துல கஞ்சா வளர்ப்பு வேலை எது செஞ்சாலும் வாரியத்துல பதிவு பண்ணிக்கணும் சார். மத்திய சர்க்காருக்கு எங்க லைசென்ஸ் இருக்கா? நம்பர் சொன்னீங்கன்னா ஏத்திக்கறேன்."

பிரெண்டிஸ் நிதானமாகப் பேனாவை மூடினார். அந்தப் படிவத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். வண்டியிலிருந்து வேறொரு படிவம் வந்தது. அது ரொம்பச் சின்னது. கழுகு கூட இல்லை.

"வாய்க்கால் சேதம். காரணம், எலி. இழந்த தண்ணி, பூமிக்குள் கசிந்தது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "எங்கே கசிஞ்சதுன்னு கேட்க இதுல கட்டம் இல்லை."

"என் மதகு?" என்றாள் வெர்னா.

"கரையை அடைச்சதும் தண்ணி வரும். பூட்டு எதுக்கு?" பிறகு ஆர்விலைப் பார்த்தார். "ஆனா உங்க நோட்டு சங்கத்துக்குப் போகும் மிஸ்டர் பிரூயிட். அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"தெரியும் சார்."

"நாலு செடி அழுகினா எனக்குச் சொல்லிடுங்க மேடம், மூணு நாள் முன்னாடி," என்று ஒச்சோவா வெர்னாவிடம் சொல்லிவிட்டு, காரில் ஏறிய பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தாள். சத்தம் கரைவரை கேட்டது.

பிரெண்டிஸ் உடனே போகவில்லை. உடைப்பைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "இன்னொரு மண்வெட்டி இருக்கா?" என்று கேட்டார்.

மூன்று பேரும் வேலை செய்தார்கள். வெர்னா கொட்டகையிலிருந்து வைக்கோல் கட்டுகளை உருட்டி வந்தாள். ஆர்வில் தார்ப்பாயை விரித்துக் கல் வைத்தார். பிரெண்டிஸ் மண் வெட்டினார். அந்த பூட்ஸ் இனி எந்த அலுவலகத்துக்கும் ஆகாது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேல்மடைப் பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் புதுக் கரையை முகர்ந்து பார்ப்பது போலத் தயங்கி, பிறகு கடந்து போனது. இரண்டு மணிக்கு நாற்பத்தொன்றாம் மதகைத் திறந்தார் ஆர்வில். சீட்டு இருந்தது. தூவான்கள் ஒன்றிரண்டு முறை இருமிவிட்டு, ஆப்பிள் மரங்களின் தலைக்கு மேல் சீராகச் சுற்ற ஆரம்பித்தன.

இன்ஜினியர் போன பிறகு இருவரும் கரையில் உட்கார்ந்தார்கள். உடம்பெல்லாம் சேறு.

"வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?" என்று வெர்னா கேட்டாள்.

"எடுக்க மாட்டாங்க. காபிக்கடையில பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அதுதான்." ஆர்வில் புல் ஒன்றைப் பிடுங்கி மென்றார். "எடுத்தாலும் எடுக்கட்டும். உனக்கு ஆள் வேணும்ல?"

"கஞ்சாவுக்குன்னா மாநில அட்டை எடுக்கணும். உன் மூஞ்சிக்கு அதெல்லாம் கொடுக்க மாட்டான்."

"ஆப்பிளுக்கு?"

"ஆப்பிளுக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. ஏணி மட்டும் கொண்டு வரணும்."

"என்கிட்ட எட்டடி ஏணிதான் இருக்கு."

வெர்னா மரங்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து அவற்றை இப்போதுதான் பார்க்கிறாள்.

"போதும்," என்றாள். "மேல்கிளையை நான் பறிச்சுக்கறேன்."